இடது மட்கார்டு

சோலைமட்டத்து மலையில் தேயிலை முளைத்த நாளிலிருந்து எத்தனையோ நடந்திருக்கிறது. யானை வந்து ரேஷன் கடைக் கதவைத் திறந்து சர்க்கரை மட்டும் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது, ஒரு மழைக்காலம் முழுக்க மாதா கோவில் மணி அடித்தும் சத்தம் வராமல் இருந்திருக்கிறது. ஆகவே சம்பந்தம் தொரையின் பழைய எம்.ஜி. காரில் டிங்கர் அமான் பாய் நசுங்கிய கதவில் முதல் டொக்கைத் தட்டி நிமிர்த்திய காலையில், அந்த டொக்கு தகரத்தை விட்டுக் கிளம்பிப் போய் யூனியன் தங்கப்பனின் வலது குதிகாலில் உட்கார்ந்துகொண்டபோது, ஊர் ஒன்றும் கூச்சல் போடவில்லை. தங்கப்பன் மட்டும் டீக்கடை பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் திருப்பி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உள்வாங்கியிருந்த குழியை விரலால் தடவிப் பார்த்து, "அட, இது கார் கதவுல இருந்ததாச்சே" என்றார்.

இருந்ததுதான். போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த வருஷம் தொரையின் கார்க் கதவை யாரோ உதைத்தார்கள் என்று போலீஸ் வந்து கேட்டபோது, யூனியன்காரன் ஒருத்தனும் காரைத் தொடவில்லை என்று முருகன் மேலும் மார்க்ஸ் மேலும் ஒரே மூச்சில் சத்தியம் செய்தவர் தங்கப்பன். இப்போது குதிகாலே சாட்சி சொல்லிவிட்டது. அவருக்கு அதில் வெட்கம் இல்லை. அன்று முழுக்க ஒற்றைச் செருப்போடு ஊரைச் சுற்றி வந்து, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் குதிகாலைக் காட்டினார்.

அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரத் தொரை கப்பலேறும்போது எஸ்டேட்டோடு சேர்த்துச் சம்பந்தம் தொரையின் கைக்கு வந்தது. கரும்பச்சை நிறம், துணிக்கூரை, கம்பி வைத்த சக்கரங்கள், பந்தயத்தில் ஓடுவதற்கென்றே தாழ்வாகச் செய்த உடம்பு. மலைப்பாதையில் அது வருகிற சத்தம் கேட்டால் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்வார்கள், கங்காணிகள் பீடியை மறைப்பார்கள். பிறகு ஏதோ ஒரு வருஷத்தில் அது ஷெட்டுக்குள் போய்த் தார்ப்பாயின் கீழ் படுத்துக்கொண்டது, தொரை ஜீப்புக்கு மாறினார், சாகிற வரைக்கும் அந்த ஷெட் பக்கம் அவர் திரும்பவில்லை. சோலைமட்டத்தில் ஏன் என்று கேட்கிற வழக்கம் தொரைமார் விஷயத்தில் மட்டும் கிடையாது.

தார்ப்பாயை இழுத்துப் போட்டவள் அவருடைய ஒரே மகள் பிரமிளா. பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தாள், அப்பாவின் காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏழு வயதில் அவளைத் தூரத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார் தொரை. அதற்குப் பிறகு லீவுக்கு வந்தாலும், பட்டம் வாங்கி வந்தாலும், கல்யாணம் பண்ணி வந்து அதை முறித்துக்கொண்டு வந்தாலும், அவளை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தாயில்லாத பிள்ளை, கேட்க வேறு ஆளும் இல்லை. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போனது எப்போது, தான் என்ன செய்தோம் என்று அவள் வாழ்நாளெல்லாம் யோசித்தாள். அவர் சிரித்து அவள் பார்த்த ஞாபகம் ஒன்றே ஒன்று இருந்தது, அது அந்தக் காரில். "அதை ஓட வைக்கணும்" என்றாள், யார் எதற்கு என்று கேட்டாலும் அதையே சொன்னாள்.

இன்ஜின் லேசில் வழிக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் கார்புரேட்டருக்குள் கட்டியிருந்த குளவிக்கூட்டை எடுத்தார், இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்த சாமான்களை மாட்டினார், மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியதும் அது இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தது. பாடி வேலைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர்தான் அமான் பாய். டிங்கர் வேலையில் அவருக்குக் கோபமூட்டுகிற பொருள் ஒன்று உண்டு, அது பட்டி. டொக்கு விழுந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தாமல் மேலே பசையை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடுகிற வேலையை அவர் வேலையாகவே சேர்ப்பதில்லை. "பட்டி போட்டா வெளிய வழவழன்னு இருக்கும் மேடம், உள்ள நசுங்குனது நசுங்குனபடியே கிடக்கும்" என்று முதல் நாளே பிரமிளாவிடம் சொல்லிவிட்டார்.

தங்கப்பனைத் தொடர்ந்து, பாய் தட்டத் தட்ட, டொக்குகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் போயின. ஆயுத பூஜைக்குக் காருக்கு முன்னால் பூசணிக்காயை உடைக்கப் போய்க் கை தவறிப் பானெட்டிலேயே உடைத்த ஃபாக்டரி ஃபோர்மேனுக்கு உள்ளங்கை குழிந்தது. பள்ளிக்கூட நாட்களில் அந்தக் காரின் மேல் ஒயிலாகச் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட லூர்துமேரிக்கு இடுப்பில் ஒரு குழி விழுந்தது, விழுந்ததை விட, போட்டோ எடுத்தது யார் என்று அவள் புருஷன் கேட்டதுதான் பெரிய கதையானது. எதால் இடித்தார்களோ அங்கேதான் விழும், வலிக்காது, மறையாது என்பதை ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. பின்பக்கம் இருந்த ஒரு டொக்கு மட்டும் எவ்வளவு தட்டினாலும் நிமிரவில்லை. சம்மட்டி எகிறித்தான் விழுந்தது. விசாரித்ததில், காரின் பின்னால் மாட்டு வண்டியைக் கொண்டுவந்து மோதிய மாடசாமி போன மழைக்கே போய்ச் சேர்ந்திருந்தார் என்று தெரிந்தது. செத்தவன் டொக்கு நிமிராது என்று ஒரு சட்டம் அன்றைக்கே ஊருக்குள் அமலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஊர் தன்னால் முடிந்தபடி இதற்குள் குடியேறிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா குழிகளை அளந்து, சத்துக் குறைவு இல்லை என்று சொல்லி எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் படிப்பு, நகை, நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, போகிற போக்கில் "வீட்டுப் பெரியவங்க உடம்புல டொக்கு எதுவும்...?" என்று இழுத்தார்கள். மாரியம்மன் கோவில் பூசாரி குழியில் விபூதி வைத்தால் தங்கும் என்று கண்டுபிடித்தார், மாதா கோவில் ஃபாதர் அது பாவமா பரிகாரமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நிமிரும் முன்பே தன் டொக்கு எது என்று தெரிந்தவர்கள் இருட்டுகிற நேரத்தில் கோழியோ பலாப்பழமோ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, "பாய், அந்த ஒண்ணுக்கு மட்டும் பட்டி போட்டுருங்களேன்" என்று குழைந்தார்கள். பாய் பலாப்பழத்தை வாங்கிக்கொண்டு டொக்கையும் தட்டினார். சோலைமட்டத்தில் அந்த ஒரு மாதம் சிரிப்பும் சண்டையும் இல்லாத வீடு கிடையாது.

சிரிப்பு நின்றது இடது மட்கார்டில்.

அது காரிலேயே அழகான பாகம், தேய்த்த பித்தளை மாதிரி வழவழவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டக் கத்தியை வைத்தார் பாய், இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து தரையில் விழுந்தது. அதற்கு அடியில், கொழுந்துக் கூடையின் வாய் அகலத்துக்கு, இரும்பு உள்ளே போயிருந்தது. பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஷெட்டை விட்டு வெளியே வந்தார்கள், அவர்கள் வீடு போய்ச் சேரும் முன்பே விஷயம் லயன் வீடுகளுக்குப் போய்விட்டது.

கூடை என்றால் வேலாயிதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மூடுபனிக் காலையில், பறித்த கொழுந்தை எடை போடக் கொண்டுபோன வேலாயியைத் தொரையின் கார் அடித்துவிட்டது. ஓட்டியது நான்தான் என்று டிரைவர் சவரிமுத்து போலீஸில் சொன்னார், கோர்ட்டிலும் சொன்னார், ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து அதே எஸ்டேட் லயனில் அதே கோடி வீட்டில் குடியேறினார். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, உரக்குடோனில் மூட்டைக்குக் காவல் இருந்தே கிழவரானார். தொரைதான் ஓட்டியிருப்பார், டிரைவர் தலையில் கட்டிவிட்டார் என்று காதோடு பேசியவர்களும் உண்டு, அதைச் சவரிமுத்துவிடம் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். வேலாயியின் மகள் செல்வமணி இப்போது பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிறாள். ஊர் முழுக்க அவள் கடையில் டீ குடிக்கும், சவரிமுத்துவுக்கு மட்டும் அவள் கிளாஸ் எடுத்ததில்லை. ஒரு தடவை மழைக்கு அவர் ஒதுங்கியபோது, அவர் நின்ற இடத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினாள். அவர் டீ குடிக்க எஸ்டேட்டின் மேல் டிவிஷன் வரை ஏறிப் போய் வருவார், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே சவரிமுத்து ஷெட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, அந்த மட்காட்டுக்கு மட்டும் பட்டி போடச் சொல்லு."

"ஏன் டிரைவரண்ணே? நீங்கதான் ஓட்டுனீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே. இனிமே என்ன பயம்?"

"பயந்தான்னு வச்சுக்க. கெழவன் கேக்குறேன்னு செய்யி."

"அப்பாதான் ஓட்டுனாரா?"

"நாந்தான் ஓட்டுனேன்" என்றார் அவர், கோர்ட்டில் சொன்ன அதே குரலில். பிறகு அவள் முன்னால் கை கூப்பினார், அதை அவளால் தாங்க முடியவில்லை. அப்பா ஒரு மனிதனை இப்படிச் செய்துவிட்டுத்தான் செத்தார் என்றால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறியும், தெரிந்துகொள்ளாமலே பெங்களூருக்கு ஓடிவிட வேண்டும் என்ற ஆசையும் அவளுக்குள் ஒரே நேரத்தில் கிளம்பின. ஒன்றும் முடிவு செய்யாமல் அன்று முழுக்க அவள் பங்களா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. தட்டினால் டொக்கு சவரிமுத்துவின் மேல்தான் விழும் என்றது ஒரு கட்சி. தொரையின் டொக்கு, ஆகவே நிமிராது என்றது இன்னொன்று. எந்தக் கட்சியானாலும் எல்லோரும் கடைசியில் வந்து நின்றது பட்டியில்தான். நாற்பது வருஷமாக மூடியிருந்ததை மூடியே வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும், கிழவன் இன்னும் எத்தனை நாள், தொரையும் போய்விட்டார் என்று தங்கப்பன் முதற்கொண்டு பேசினார்கள். அமான் பாய்கூடச் சம்மட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். செல்வமணி மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி பங்களாவுக்கு ஏறி வந்தாள்.

"மேடம், உங்க காரு, உங்க இஷ்டம். ஆனா அது எங்கம்மா. பட்டி போட்டு மூட நான் விடமாட்டேன். யாரு மேல விழுதுன்னு என் கண்ணால பாக்கணும்."

"சரி" என்றாள் பிரமிளா. அந்தச் சரியைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களும், கோவிலுக்கே போகாதவர்களும், ஷெட்டைச் சுற்றி நின்றார்கள். பாய் மட்கார்டுக்கு அடியில் இரும்புக் குண்டை அணைத்துப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, சம்மட்டியை இறக்கினார். முதல் அடிக்கு ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது அடிக்கு இரும்பு முனகிக்கொண்டு மேலே வந்தது. கூட்டம் முழுக்கச் சவரிமுத்துவைத்தான் பார்த்தது. அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, மெலிந்த இரண்டு கைகளையும் காரை நோக்கி நீட்டிக்கொண்டு, "என் மேல வா, என் மேல வா, மாதாவே, என் மேல வரச் சொல்லு" என்று கதறினார். பாய் தட்டினார், இரும்பு ஏறியது, கிழவரின் நெஞ்சிலும் தோளிலும் கையிலும் ஒரு சின்னக் குழிகூட விழவில்லை. அப்போதுதான் பிரமிளா பிடித்திருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

அவள் கைகளை விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு குழிகள், ஆழமாக, ஒன்றுபோல.

பாய் கையை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. சரிபாதி நிமிர்ந்ததும் சம்மட்டி எகிற ஆரம்பித்தது, மீதிப் பாதி பாறையாக நின்றுவிட்டது. அது செத்தவன் பங்கு என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது அவருக்கு. "ரெண்டே சீட்டு பாப்பா. தொரை ஓட்டுனாரு, நான் பக்கத்துல இருந்தேன், நீ அவரு மடியில. ஸ்டியரிங்க உன் கையில குடுத்துட்டு, 'ஓட்டுடா ராஜா, ஓட்டு'ன்னு அவரு சிரிச்சாரு. நீயும் சிரிச்ச. வளைவுல நீ இழுத்த இழுப்புக்கு அவரால திருப்ப முடியல. உனக்கு ஒண்ணும் தெரியாது, கண்ண மூடிக்கன்னு உன் மூஞ்சிய என் சட்டையில அழுத்திக்கிட்டேன். தொரை தானே போய்ச் சொல்றேன்னுதான் கெளம்புனாரு. அவரு உள்ள போயிட்டா ஆத்தா இல்லாத புள்ளய யாரு பாப்பா? நாந்தான் போறேன்னு நின்னேன். ஆனா அதுக்கப்புறம் அவரால உன் கையப் பாக்க முடியல. சோறு திங்கறப்போ உன் கையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அதான் அனுப்புனாரு. புடிக்காம இல்ல. நாப்பது வருஷம் இத நான் சுமந்தேனே, ஒரு நிமிஷத்துல வீணாப் போச்சே!"

பிரமிளா இத்தனை வருஷம் தேடிய பதில் இரண்டு கையிலும் இருந்தது. அப்பாவுக்கு அவளைப் பிடிக்கும் என்று தெரிந்த அதே நொடியில், அவர் சிரித்த அந்த ஒரே ஞாபகத்துக்குள் வேலாயி செத்துக் கிடந்தாள்.

கூட்டம் விலகி வழி விட்டது. செல்வமணி நேராக வந்து பிரமிளாவின் வலது கையை எடுத்து, குழிக்குள் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கும்னு நெனச்சேன்." அவள் கையை விட்டுவிட்டுச் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப? இது ஏழு வயசுப் புள்ள."

"எனக்கும் அப்ப ஏழு வயசுதான். என்ன பண்ணியிருப்பேன்? இவ முடியப் புடிச்சு இழுத்திருப்பேன். அழுதிருப்பேன், இவளும் அழுதிருப்பா. அத வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வளந்திருப்போம். யாரக் கேட்டு ஒளிச்சு வச்சீங்க? இவளுக்குன்னு ஒளிச்சீங்க சரி, எனக்கு? நான் ஒரு தப்பும் பண்ணாத மனுஷன் கால்ல சாம்பலக் கொட்டிருக்கேனே, அத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" கண்ணீர் வழிந்தது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "எந்த வளைவு?"

சவரிமுத்து அவிழ்ந்திருந்த சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

"பாலத்துக்கிட்டன்னுதான கேசுல எழுதியிருக்கு. வருஷா வருஷம் பாலத்துலதான் அம்மாவுக்குப் பூ வைக்கிறேன். இப்ப வளைவுங்கிறீங்க."

"பாலம் இல்லம்மா" என்றார் சவரிமுத்து. "பங்களாவுக்குக் கீழ இருக்கிற வளைவு. அங்கன்னு சொன்னா, வாசல்ல இருந்து யாராவது புள்ளயப் பாத்திருப்பாங்களோன்னு... பாலம்னு மாத்திச் சொன்னோம்."

செல்வமணி காரைச் சுற்றிப் போய், பெயிண்ட் போன கதவைத் திறந்து, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காட்டுங்க."

பிரமிளா சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுகிற பக்கம் போனாள். வளைவில் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது, ஞாபகத்திலும் இல்லை, தெரிந்தவர் ஒருவர்தான். கதவில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் குனிந்து, குழிந்த கையில் சாவியை வைத்து நீட்டினாள். சவரிமுத்து முடியாது என்று தலையை ஆட்டினார், அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் எடுத்துக்கொண்டார். தங்கப்பனும் பாயும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிறகு தொட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நானும் வரட்டுமா?" என்று பிரமிளா கேட்டாள். கேட்ட பிறகுதான் காரில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்று அவளுக்கு உறைத்தது.

செல்வமணி முகத்தைத் திருப்பாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"வா. நடந்து வா. எங்கம்மா நடந்துதான் வந்தா."

கார் ஷெட்டை விட்டு இறங்கியது. பிரமிளா பின்னால் நடந்தாள்.